கீரிகிட்ட இருந்து கோழிய காப்பாத்துன கதை

வீட்டுக்கு பின்னாடி 6 சிறுவிடை (சின்ன சைஸ் நாட்டுக்கோழி) கோழி வளர்க்குறேன், அறுகோண ஓட்டை போட்ட கோழிவலைய சுத்தி கட்டிட்டு போதும்னு விட்டுட்டேன், ஒருநாள் விடியக்காலைல பாத்தா ரெண்டு கோழி செத்து கெடக்கு, மனசே ஆறல. கீரி மண்ண தோண்டி அடியில பூந்திருக்கு. அந்த வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், உள்ள வர்றத தடுக்காது, நாய் இழுத்தாலே பிஞ்சிரும்.

அப்புறம் அரை இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ் (கம்பிகள பத்தவெச்சு செஞ்ச கெட்டி வலை) வாங்கி மேலயும் சேத்து அடிச்சேன், முக்கியமா கீழ ஒன்றரை அடி மெஷ்ஷ வெளிப்பக்கமா தரையில படுக்கப்போட்டு மண்ணு, கல்லு போட்டு மூடிட்டேன். எங்க தோண்டுனாலும் கம்பி தடுக்கும். கதவுக்கு கொண்டியோட ஒரு கொக்கியும் போட்டாச்சு. மழைக்காலம் முழுக்க ஒரு கோழி கூட போகல. செலவு கூடத்தான், ஆனா முதல்லயே இத பண்ணியிருக்கணும்.