கேப் ரெயிங்காவில் புளிசாதம் சாப்பிடாதீர்கள்: நியூசிலாந்தின் வடகோடியில் நாம் செய்கிற தவறுகள்

கேப் ரெயிங்காவில் வண்டியை நிறுத்தியதும் நாங்கள் செய்த முதல் வேலை புளிசாதப் பொட்டலத்தைத் தேடியதுதான். பைஹியா என்ற கடலோர ஊரிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம், நல்ல பசி. கீழே டாஸ்மான் கடலும் பசிபிக் கடலும் முட்டிக்கொண்டு நுரைக்கின்றன. சாப்பிட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று பிரித்தபோது, அருகில் நின்ற பெண்மணி ஒருவர் மெதுவாகச் சொன்னார், "இங்கே சாப்பிட மாட்டோம்."

அந்த முனைக்கு நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வைத்திருக்கும் பெயர் தெ ரெரெங்ஙா வைருவா. ஆவிகள் பாய்ந்து புறப்படும் இடம் என்று பொருள். இறந்தவரின் ஆவி வடக்கு நோக்கி நடந்து இங்கே வந்து, பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் பழைய பொஹுடுகாவா மரத்தின் வேர் வழியாகக் கடலுக்குள் இறங்கி, முன்னோர் நாடான ஹவாய்க்கிக்குத் திரும்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. சோறும் புனிதமும் ஒரே இடத்தில் சேரக்கூடாது என்பது மாவோரி வாழ்வின் அடிப்படை விதிகளில் ஒன்று. நம் ஊர்ச் சுடுகாட்டில் ஒருவர் வந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அறிவிப்புப் பலகையைத் தாண்டித்தான் வந்திருந்தோம், படிக்கவில்லை. நீங்கள் முன்னாலேயே தபொடுபொடு விரிகுடாவில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கடற்கரையும் அழகு.

வட நியூசிலாந்துக்கு மாவோரி மொழியில் தெ தாய் தொகெரௌ என்று பெயர். போகிறவர்களில் பெரும்பாலோர் கடலையும் மரத்தையும் பார்த்து, நடுவில் ஒரு 'கல்ச்சுரல் ஷோ' பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஷோவில்தான் அடுத்த தவறு நடக்கிறது. பைஹியாவை ஒட்டிய வைடாங்ஙியில் வரவேற்புச் சடங்கின்போது ஒரு வீரர் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு வருவார். வந்திருப்பவர் சண்டைக்கு வந்தவரா, சமாதானத்துக்கு வந்தவரா என்று சோதிக்கிற சவால் அது. சிரிப்பது, பதிலுக்கு நாக்கை நீட்டி செல்ஃபி எடுப்பது இரண்டும் கூடாது. பெண்ணின் அழைப்புக் குரல் ஒலிக்கும்போது பேசாமல், அடுத்தவரை முந்தாமல் நடங்கள். ஹொங்ஙி என்றால் மூக்கோடு மூக்கு ஒட்டி மூச்சைப் பகிர்வது. முத்தம் என்று நினைத்துக் கன்னத்தை நீட்டியவரைப் பார்த்திருக்கிறேன்.

சபை வீடு என்பது அவர்களுக்கு ஒரு முன்னோரின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, சரிந்து இறங்கும் மரங்கள் விலா எலும்புகள். அதனால்தான் செருப்பை வெளியே விடச் சொல்கிறார்கள். இதில் நமக்குக் கஷ்டமே இல்லை. தலையணை மேல் உட்காராதே, அம்மி மேல் உட்காராதே என்று பாட்டியிடம் திட்டு வாங்கியவர்கள் நாம். அங்கேயும் தலையணை மேல், சாப்பாட்டு மேசை மேல் உட்காரக்கூடாது. தலை புனிதமானது, குழந்தையின் தலையைச் செல்லமாகத் தடவுவதையும் தவிர்க்கலாம். ஊருக்குள் இருக்கும் மராய் வளாகங்கள் (சபை வீடும் முற்றமும் சேர்ந்தவை) சுற்றுலா இடங்கள் அல்ல, அழைப்பில்லாமல் நுழையாதீர்கள்.

வைடாங்ஙியை வெறும் புல்வெளியாகப் பார்ப்பதும் நஷ்டம்தான். 1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே இங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவம், தலைவர்கள் இறையாண்மையைத் தருவதாகச் சொல்கிறது. மாவோரி வடிவமோ ஆட்சி நடத்தும் பொறுப்பை மட்டும் தருகிறது. பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்திட்டது மாவோரி வடிவத்தில். இன்றுவரை தீராத வழக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே நிற்கும் 35 மீட்டர் போர்ப்படகு வேறு மாதிரி தெரியும்.

இனி பணம் போகிற தவறு. நைன்டி மைல் பீச் பெயரில்தான் 90 மைல், உண்மையில் 88 கிலோமீட்டர். சட்டப்படி அது சாலை என்பதால் வாடகைக் காரை இறக்கிவிடத் தோன்றும். வேண்டாம். வாடகைக் காரின் காப்பீடு பொதுவாகக் கடற்கரை ஓட்டத்துக்குச் செல்லாது. மணலில் சக்கரம் புதைந்தால் அலை ஏறிவரும் வேகத்துக்கு இழுவை வண்டி வந்து சேராது. சுற்றுலாப் பேருந்துகள் போகின்றன, டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைபோவா காட்டில் 'தானே மஹுடா' என்ற மரத்தின் முன்னால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். உயரம் 51 மீட்டர், அடிமரத்தின் சுற்றளவு 13 மீட்டருக்கும் மேல். மரத்தின் இனம் கௌரி. (நம் கௌரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இந்த இனத்தைக் கொல்லும் கிருமி மண்ணில் இருக்கிறது, செருப்பில் ஒட்டிய துளி மண் போதும். வாசலில் தூரிகையும் மருந்து நீரும் வைத்திருப்பது அதற்காகத்தான். முழுசாகத் தேய்த்துக் கழுவுங்கள். போட்டோவுக்காக மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள், வேர்கள் மேலாகவே ஓடுகின்றன.

கடற்கரையில் ராஹூயி என்ற பலகையைக் கண்டால் மீன், சிப்பி பிடிக்காமல், குளிக்காமல் திரும்பிவிடுங்கள். அங்கே யாராவது மூழ்கி இறந்திருக்கலாம், அல்லது கடலுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். அப்புறம், விமான நிலையத்தில் ஊறுகாய், பருப்புப் பொடி எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம். தேன் கொண்டு போகவே கூடாது.

ஊர்ப் பெயர்களை 'தெரியாது' என்று விட்டுவிடாதீர்கள். இங்கிலீஷ்காரர்கள் திணறும் ங நம்மிடம் இருக்கிறது. நாம் சொல்லின் முதலில் வைப்பதில்லை, அவ்வளவுதான். அங்கே மிகப் பெரிய மாவோரி இனக்குழுவின் பெயரே ஙாபுஹி. குறில், நெடில் வித்தியாசமும் உண்டு: கெகெ என்றால் கேக், கேகே என்றால் அக்குள்.

கடைசியாக, தமிழர்களுக்கென்றே ஒரு தவறு. வடக்கிலுள்ள ஃபங்ஙாரே நகரில் இறங்கித் 'தமிழ் மணி எங்கே?' என்று தேடுவது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, அந்தப் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதில் 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. அதை வைத்துக்கொண்டு 'முதலில் வந்தது நாங்கள்தான்' என்று மட்டும் அங்குள்ளவர்களிடம் ஆரம்பிக்காதீர்கள். மணி வடக்கில் இல்லை, வெலிங்டனில் தெ பாபா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.