பூனை இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால்

வந்த அன்றே இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்துப் பழக்கப் பார்க்காதீர்கள். முதல் சில நாள் நாய்க்குட்டி ஓர் அறையில், பூனை வழக்கம்போல வீடு முழுக்க. குட்டி படுத்த துணியைப் பூனை நடமாடும் இடத்தில் போடுங்கள், வாசனை பழகட்டும். அப்புறம்தான் நேரில், அதுவும் குட்டிக்குக் கயிறு கட்டி.

பூனைக்கு உயரம் முக்கியம். பீரோ மேலோ பரணிலோ ஓர் இடமும், ஏறிப்போக வழியும் வேண்டும். அங்கிருந்து முறைத்துக்கொண்டே இருக்கும், சரி, இருக்கட்டும். சீறினால் திட்டாதீர்கள்; 'கிட்டே வராதே' என்பதை அது அப்படித்தான் சொல்லும்.

பூனையின் சாப்பாடும், அது மலஜலம் கழிக்கும் மணல் தட்டும் குட்டிக்கு எட்டாமல் இருக்கட்டும். மணலைக் கிளறி, கிடைப்பதைத் தின்னும் குட்டிகள் உண்டு, கருமம்! பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.