தலங்கமவில் ஊதாமுக மந்தி பார்ப்பது எப்படி

கொழும்பில் குரங்கு பார்க்க வேண்டுமென்றால் எல்லாரும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைத்தான் சொல்வார்கள். நான் ஊதாமுக மந்தி என்ற இலைதின்னிக் குரங்கைப் பார்க்கத் தலங்கமக் குளத்துப் பக்கம் போகச் சொல்வேன். பத்தரமுல்லை வரை பஸ், அப்புறம் ஓட்டோ. ஓட்டோக்காரரிடம் "வந்துரோ" (மந்திகளுக்குச் சிங்களப் பெயர்) பார்க்க வந்தோம் என்றால் போதும், ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்வார்.

ஆறுதலாக எழும்பி ஒன்பது மணிக்குப் போவதென்றால் வீட்டிலேயே இருக்கலாம். விடியும்போது அங்கே நிற்க வேண்டும். ஆண் மந்தி காலையில் உரத்த, கரகரத்த குரலில் கத்தும். பக்கத்துக் கூட்டத்துக்கு அது எல்லை அறிவிப்பு. புதிதாகக் கேட்பவர்கள் நாய் என்றே நினைப்பார்கள். சத்தம் வந்த திசையில் மெதுவாக நடவுங்கள். காற்றில்லாத நேரத்தில் ஆடும் கிளையைப் பாருங்கள், பிறகு கீழே தொங்கும் நீண்ட வாலைத் தேடுங்கள்.

கருமுகம், வெளிறிய கன்னமயிர், சாம்பல் கலந்த பழுப்பு உடல் என்றால் அதுதான். ஊதா நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே. செம்பழுப்பு உடலும் உச்சியில் வட்டமாகப் படிந்த மயிருமாகத் தரையில் ஓடுவது செங்குரங்கு. அதற்குக் கன்னப்பை உண்டு, மந்திக்கு இல்லை.

மந்தியின் தனித்தன்மை வயிற்றில்தான். பல அறைகள் கொண்ட இரைப்பையில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கின்றன. அதனால்தான் தின்றபின் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். தொலைநோக்கியை எடுக்க அதுவே தோதான நேரம். குட்டிகளையும் அப்போது பார்க்கலாம். தளிர் மட்டுமல்ல, பலா, மா, ரம்புட்டான் காய்களும் தின்னும். என் அக்கா வீட்டு ரம்புட்டான் பழுத்ததாகச் சரித்திரமே இல்லை! ஆனாலும் பாண், பிஸ்கட், வாழைப்பழம் எதையும் நீட்டாதீர்கள். அந்த வயிற்றுக்கு அவை ஒத்துவராது.

இந்த இனம் இலங்கையில் மட்டுமே உண்டு. மேற்குக் கரையோர வகை மிக ஆபத்தான அழிநிலையில் இருக்கிறது. காணி துண்டாகி மரங்கள் விலகியதும் அவை கூரையிலும் மின்கம்பியிலும் தாவ வேண்டியதாகிறது. கம்பியில் பல சாகின்றன. ஓடு உடைகிறதே என்று அக்காவும் முணுமுணுப்பார், அது நியாயமான முணுமுணுப்புத்தான். அந்தப் பக்கம் காணி இருப்பவர்கள் கிளை கழிக்கும்போது அடுத்த மரத்தைத் தொடும் கிளையை விட்டுவையுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் சாய்ந்ததை மட்டும், மின்விநியோகம் செய்பவர்களுக்குச் சொல்லி, வெட்டுவியுங்கள்.