கும்பகோணத்தில் பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் அடிமனையைப் பாருங்கள்

சென்னையை விட்டுக் கும்பகோணத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீடு வாங்கிய கதையைக் கேட்டு நண்பர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏன் கும்பகோணம் என்று விளக்கப் போவதில்லை. காலையில் டிகிரி காபி, சாயங்காலம் காவிரிக் கரை, சென்னையில் வேலை என்றால் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். எங்களுக்கு அது போதும்.

பட்ஜெட், கடன் தகுதி எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக ஊருக்குள் போவோம்.

படி 1: ஒரு ஐப்பசியை வாடகை வீட்டில் கழியுங்கள்

ஆனியில் பார்த்து நாங்கள் ஆசைப்பட்ட புறநகர் மனை ஒன்று, ஐப்பசி அடைமழையில் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஊரைச் சுற்றி விற்கிற மனைகளில் பல, போன தலைமுறை வரை நெல் விளைந்த நஞ்சை. தண்ணீர் நிற்பதற்காகவே வரப்பு கட்டிய பூமி, பிளாட் போட்டதும் மாறிவிடுமா? சரி, புறநகர் வேண்டாம், ஊருக்குள்ளேயே பழைய வீடு பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

தரகர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: "2028ல மகாமகம் வருது சார், அப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது." போன மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது, பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2028தான். அதற்காக அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

படி 2: வீடு யாருடையது என்பது வேறு, மனை யாருடையது என்பது வேறு

இங்கேதான் நான் விழுந்தேன். கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்னால் கிணற்றோடு கொல்லை. தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடிக்காத குறை. விலையோ, அதே அளவு வீட்டுக்கு அடுத்த தெருவில் சொன்னதில் பாதி. ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தேன், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் எதுவும் இல்லை. வீட்டு வரி ரசீது, ஈ.பி. அட்டை எல்லாம் விற்பவர் பெயரில். ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வக்கீல் பத்திர நகலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மனை யாருது?"

சொத்து விவரத்தில் "மேற்படி மனையில் எழுப்பியுள்ள கட்டடம்" என்று இருந்தது. பழைய பத்திரத் தமிழ் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நான் தாண்டிப் போயிருந்தேன். அடிமனை கோயிலுடையது. மேலே நிற்கிற கட்டடம் மட்டும்தான் விற்பவருடையது. வருடா வருடம் கோயிலுக்குப் 'பகுதி' (மனைக்கான வாடகை) கட்டி வந்திருக்கிறார்கள்.

கோயில், மடத்து நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பது இந்த ஊரில் சகஜம். குடியிருப்பதில் தப்பில்லை. வாங்குவதில்தான் சிக்கல். அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி கோயில் நிலத்தை விற்க ஆணையரின் அனுமதி வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிவிடலாம். நான் கேட்ட வங்கிகள் கடன் தர மறுத்துவிட்டன. பகுதித் தொகையும் அப்பப்போ திருத்தப்படும். என் முன்பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

இதை வீட்டில் உட்கார்ந்தே முக்கால்வாசி பார்த்துவிடலாம். விற்பவரிடம் வார்டு, பிளாக், நகர சர்வே எண் மூன்றையும் கேளுங்கள். கதவு எண்ணும் வரி ரசீதும் இதற்கு உதவாது. அரசின் இ-சேவைத் தளத்தில் (eservices என்று தேடினால் வரும்) நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்து உரிமையாளர் பெயரைப் பாருங்கள். 'தேவஸ்தானம்', 'சுவாமி', 'மடம்', 'சத்திரம்', 'கட்டளை' என்று எதைக் கண்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பதிவுத்துறைத் தளத்தில் அதே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பாருங்கள். பூஜ்யம் என்று காட்டினால் அதுவும் எச்சரிக்கைதான். அறநிலையத்துறைத் தளத்தில் கோயில்வாரியாக நிலப் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எந்தத் தளத்தையும்விட எனக்குப் பிடித்த கருவி பக்கத்து வீட்டுத் திண்ணை. "மாமி, இந்தத் தெருவுல பகுதி கட்டுறீங்களா?" என்று கேளுங்கள். எத்தனை வருடப் பாக்கி என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

*பின்சேர்க்கை:* "நகரப் பதிவேட்டில் தனியார் பெயர்தான் இருக்கிறது, ஆனால் 1960களின் பத்திரத்தில் தேவஸ்தான மனை என்று எழுதியிருக்கிறது, வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நானாக இருந்தால் வாங்க மாட்டேன். ரொம்ப நாளாகக் குடியிருக்கிறோம் என்று காலவரையறையைக் காட்டிக் கோயில் நிலத்தில் உரிமை கோர முடியாது என்பதுதான் சட்டம்.

படி 3: தாய்ப்பத்திரம் (பழைய மூலப் பத்திரம்), பெண் வாரிசுகள்

மனை சுத்தம் என்று தெரிந்தபிறகே வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். வக்கீல் உங்களுடையவராக இருக்கட்டும், தரகர் கூட்டி வருபவர் வேண்டாம். இணையத்தில் பார்க்கும் ஈ.சி. ஓரளவுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தைய விவரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பழைய வீடுகளில் பாதி, பாகப்பிரிவினை ஆகாதவை. "அக்கா அமெரிக்காவுல இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாமாம்" என்பார்கள். அப்படியானால் அக்கா அதையே விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து தரட்டும். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று. அன்றைக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த பெண்கள் அதில் விடுபட்டார்கள், 2005ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்தத் தடையும் போனது.

படி 4: நாடா பிடித்து அளந்து பாருங்கள்

இந்த ஊர் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. பத்திரத்தில் "கிழமேல் அடி 18, தென்வடல் அடி 110" என்று இருக்கும். நேரில் அளந்தால் கொல்லைப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை நான்கடி உள்ளே வந்திருக்கும். போன் செயலிகளை நம்பாதீர்கள். லேசர் அளவியின் புள்ளி முற்றத்து வெயிலில் கண்ணுக்கே தெரியாது. 100 அடி நாடாவும் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளும் போதும்.

பக்கச் சுவர் பொதுச்சுவரா என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். பொதுச்சுவர் என்றால் இடித்துக் கட்டும் கனவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

படி 5: பதிவு

இது சுலபம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவும் ஆன்லைனில். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் இந்தக் கணக்கே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

*பின்சேர்க்கை:* மனைவி பெயரில் வாங்கினால் சலுகை உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குத்தான். கும்பகோணம் ஊருக்குள் அந்த விலைக்கு வீடு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

படி 6: பெயர் மாற்றங்கள்

முழு சர்வே எண்ணையும் வாங்கினால் பட்டா மாறுதல் விண்ணப்பம் பதிவோடு தானாகவே போய்விடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்கும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டு வரி, குடிநீர், பாதாள சாக்கடை மூன்றுக்கும் மாநகராட்சியில் தனித்தனியாகப் பாக்கி கேளுங்கள். நான் வரிப் பாக்கியை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். முந்தையவர் வைத்துப்போன குடிநீர்ப் பாக்கியை, குடிவந்த மூன்றாம் மாதம் நான்தான் கட்டினேன்.