வான்கதவு திறப்பதற்கு முன்: வெள்ளக்காலப் பொறுப்புகளைப் பிரித்து எழுதும் முறை

மாரிக்கு முந்திய ஆயத்தக் கூட்டம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. அந்தக் கூட்ட அறிக்கையில் "சம்பந்தப்பட்ட திணைக்களங்கள் உரிய நடவடிக்கை எடுக்கும்" என்று ஒரு வரி இருந்தால், அந்த வேலையை எவரும் செய்யப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குத் திணைக்களம் தொலைபேசி எடுக்காது, அதில் வேலை செய்யும் ஓர் ஆள்தான் எடுக்க வேண்டும். அந்த ஆள் யார், தண்ணீர் எந்த அளவுக்கு வந்ததும் அவர் இறங்க வேண்டும், எவரிடமும் கேட்காமலே எதைத் தொடங்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பிரதேச செயலகத்திலும் கிராம மட்டக் குழுக்களிலும் அந்த எழுத்து வேலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். செப்டெம்பர் முடிவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால் எல்லாரையும் ஒரே மேசையில் இருத்துவது நடக்காத காரியம்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ்தான் தேசிய பேரவையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தன. நிலையத்தின் அவசர இலக்கம் 117. மாவட்டத்தில் அதன் ஒருங்கிணைப்புப் பிரிவு மாவட்டச் செயலகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அதற்குக் கீழே பிரதேச செயலாளர், அவருக்குக் கீழே கிராம உத்தியோகத்தர் என்று வரிசை போகிறது. உலர் உணவு, சமைத்த உணவு, இழப்பீடு ஆகியவற்றுக்கான பணமும் சுற்றறிக்கையும் தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையத்திலிருந்து வருபவை. இரண்டு நிலையங்களையும் ஒன்றென்று நினைத்துக் கடிதத்தை மாறி அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. மீட்புப் படகுக்கான கோரிக்கை ஒரு வழியாலும் அரிசிக்கான கோரிக்கை இன்னொரு வழியாலும் போக வேண்டும்.

முப்படையினரும் பொலிஸாரும் தங்கள் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்தான் இருப்பார்கள். பிரதேச செயலாளர் "இந்த இடத்தில் இத்தனை பேரை எடுக்க வேண்டும்" என்று வேலையைக் கேட்கலாம். எப்படி எடுப்பது என்பதைப் படகில் இருப்பவர் தீர்மானிப்பார். இதை முதற்கூட்டத்திலேயே பேசித் தெளிந்துகொண்டால் கரையில் நின்று வாக்குவாதப்படத் தேவையிராது.

பட்டியலை எழுதுவது

ஒரு வேலைக்கு ஒரு வரி. அந்த வரியில் ஐந்து விடயங்கள் இருக்க வேண்டும்: வேலை என்ன, பொறுப்பான பதவி எது, அவர் இல்லாவிட்டால் பதில் ஆள் யார், எந்த அளவு வந்ததும் தொடங்க வேண்டும், எந்தப் பொருளையும் எரிபொருளையும் கொண்டு செய்வது. பொறுப்பு நிரலில் இரண்டு பதவிகள் வந்தால் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். உதவி செய்பவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் ஒருவர்தான். பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், இடமாற்றம் வந்தாலும் பட்டியல் நிற்கும். தொலைபேசி இலக்கங்களைத் தனித்தாளில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சரிபிழை குறியுங்கள்.

"எந்த அளவு வந்ததும்" என்ற நிரல்தான் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணால் மோசத்தை அளப்பார்கள். குளத்தின் நீர்மட்டம் இத்தனை அடி, தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதிப்பகுதியில்) இத்தனை சென்றிமீற்றர், 24 மணித்தியாலத்தில் இத்தனை மில்லிமீற்றர் மழை என்று எண்ணால் எழுதுங்கள். தண்ணீரைப் பற்றிய எண்களை நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமே கேட்டு வாங்குங்கள்.

தாம்போதியை மூடுவது யார்

பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாம்போதியை எடுத்துச் சோதியுங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியால் போன உழவு இயந்திரம் அள்ளுண்டு, மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலியானார்கள். கிட்டங்கி, கிரான்–புலிபாய்ந்தகல் போன்ற இடங்களிலும் வருடாவருடம் தண்ணீர் குறுக்கறுக்கிறது. ஊர் மக்கள் இடுப்பளவு தண்ணீரில் கடந்து பழகியவர்கள், அந்தப் பழக்கம்தான் ஆபத்து. நிற்கும் தண்ணீரும் ஓடும் தண்ணீரும் ஒன்றல்ல. 15 சென்றிமீற்றர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் ஓர் ஆளை விழுத்தும். 30 சென்றிமீற்றர் சிறிய காரை மிதக்க வைக்கும், 60 சென்றிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும்.

ஆகவே தாம்போதியின் இரு முனையிலும் அளவுக்கம்பம் நட்டு, 15இல் மஞ்சள், 30இல் சிவப்புக் கோடு போடுங்கள். மஞ்சளைத் தொட்டதும் நடப்பவர்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி ஆகியவற்றையும் நிறுத்த வேண்டும். சிவப்பைத் தொட்டதும் உழவு இயந்திரம் உட்பட எல்லாமே நிற்க வேண்டும். மூடும் பொறுப்பைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள். தடுப்பை வைத்திருக்க வேண்டியது வீதியின் சொந்தக்காரர். அது வீதி அபிவிருத்தி அதிகார சபையா, மாகாண வீதித் திணைக்களமா, பிரதேச சபையா என்பதை வீதி வீதியாகப் பார்த்துக் குறியுங்கள், ஏனெனில் ஒரே பாதையில் பாதித்தூரம் ஒருவருக்கும் மீதி இன்னொருவருக்கும் இருப்பதுண்டு. தடுப்பு பத்துக் கிலோமீற்றர் தள்ளிக் களஞ்சியத்தில் இருந்தால் பயனில்லை. தாம்போதிக்கு அருகில் ஒரு வீட்டிலோ கடையிலோ இருக்கட்டும், திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். இரவுக்கு மின்சூள் விளக்கு வேண்டும். இரு கரையிலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒரு கரையை மட்டும் மூடினால் மறுகரையிலிருந்து வருபவர் நடுவில்தான் விடயத்தை அறிவார். பாடசாலை, மத்ரசா, தனியார் வகுப்பு ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு மஞ்சள் நிலையிலேயே செய்தி போக வேண்டும். பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரும் பிழை. பாதை மூடப்பட்டால் அவர்கள் இருக்கும் கட்டிடத்திலேயே தங்க வைப்பது என்றும், உணவு எங்கிருந்து வரும் என்றும் எழுதி வையுங்கள்.

திறப்பதற்கும் ஒரு வரி வேண்டும். தண்ணீர் வற்றியதும் சனம் தடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகும். தார் மேலே இருக்க அடியில் மண் அரித்துப்போயிருக்கலாம். பொறியியலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ ஓரங்களைப் பார்த்துச் சொல்லும் வரை திறக்கக்கூடாது. இடையில் படகுச் சேவை ஓடினால் யாருடைய படகு, எரிபொருள் யார் கணக்கில், ஒரு தடவைக்கு எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி எத்தனை என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை இந்தக் காலத்தோடு பொருந்தி வரும் வருடங்களில் காலைப் படகின் முதல் தடவை பரீட்சார்த்திகளுக்கு. நோயாளர், கர்ப்பிணிகளுக்கு நேரம் பார்ப்பதில்லை.

வான்கதவுச் செய்தி

"குளத்தின் இரண்டு வான்கதவுகள் மூன்று அடி திறக்கப்பட்டுள்ளன" என்ற செய்தி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குள் போதுமானது. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் தாய்க்கு அதனால் ஒன்றும் விளங்காது. எத்தனை மணிக்குத் தண்ணீர் எந்தக் கிராமத்துக்கு வரும், எந்தப் பாதை முதலில் மூழ்கும், மாடுகளை எங்கே ஏற்றுவது என்று அதை மாற்றிச் சொல்ல ஒருவர் தேவை. அந்த ஒருவராக பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரண சேவை உத்தியோகத்தரை எழுதலாம். செய்தி நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமிருந்து மாவட்டப் பிரிவு, பிரதேச செயலாளர், பொலிஸ் மூவருக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். ஒருவர் வழியாக மற்றவருக்கு என்று போனால் நடுவில் ஒருவர் தூங்கிவிட்டாலே சங்கிலி அறுந்துவிடும். கிராமத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் நன்றாக வேலை செய்யும், மின்சாரம் இல்லாத நேரத்துக்கு மட்டும் கையொலிபெருக்கியும் பற்றரியும் வைத்திருங்கள். வயலுக்குள் வாடியடித்துக் காவல் இருப்பவர்களுக்கு வயல்களுக்கு நீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானை மூலம் சொல்வதே நம்பகமான வழி. வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அறிவித்தாயிற்று என்று நினைக்கக்கூடாது. பெற்றுக்கொண்டவர் "கிடைத்தது" என்று திருப்பிச் சொன்னால்தான் வேலை முடிந்தது.

மாவட்ட எல்லையைத் தாண்டும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். மாதுறு ஓயா நீர்த்தேக்கம் மகாவலி அதிகார சபையின் கீழ் உள்ளது, அதில் திறக்கும் தண்ணீர் கிரான் பக்கம் வருகிறது. அம்பாறைப் பக்கத்து வெள்ளம் மட்டக்களப்பு வாவியின் தெற்கு முனையில் இறங்குகிறது. மேலே உள்ள அலுவலகத்தின் இலக்கம் கீழே உள்ள பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். செய்தி சிங்களத்தில் வந்தால் மொழிபெயர்ப்பவர் யார் என்றும் குறித்து வையுங்கள். இரவில் அதற்கு ஆள் தேடுவதில் போகும் ஒரு மணித்தியாலம் பெறுமதியானது.

முகத்துவாரம் வெட்டுதல்

இங்கே ஒருவருக்கு நன்மையானது இன்னொருவருக்குப் பாதகம். வாவி நிரம்பித் தாழ்நில வீடுகளும் வேளாண்மையும் மூழ்கும்போது பாலமீன்மடுவிலோ பெரியகல்லாற்றிலோ வாவியைக் கடலிலிருந்து மறிக்கும் மணல்திட்டை வெட்டிவிடச் சொல்லிக் கேட்பார்கள். முந்தி வெட்டினால் வாவி மட்டம் இறங்கி, பிறகு கடல்நீர் உட்புகுந்து வயலுக்கு உவர் ஏறும் என்ற அச்சம். மீனவர்களுக்கு வேறு கணக்கு. எனவே முடிவை ஊர்க்கூட்டத்தில் எடுக்காமல் மாவட்டச் செயலாளரின் கையில் வைத்து, ஆலோசனை சொல்ல வேண்டியவர்களை ஒவ்வொருவராகக் குறித்து எழுதுங்கள்: நீர்ப்பாசனம், கமநல அபிவிருத்தி, கடற்றொழில், கரையோரம் பேணல் திணைக்களம், பிரதேச அல்லது மாநகர சபை, கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம். வாவியின் எந்த மட்டத்தில் வெட்டுவது என்று செப்டெம்பரிலேயே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் டிசெம்பரில் சண்டை குறையும்.

வேலை என்று வந்தால் பெக்கோவும் (மண் தோண்டும் இயந்திரம்) இயக்குநரும் எரிபொருளும் முகத்துவாரத்துக்கு எட்டும் நிலையில் இருக்க வேண்டும், வெள்ளம் வந்தபின் அந்தப் பாதையே மூழ்கிவிடலாம். கடல் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்து வெட்டினால் இழுவை கூடும். கால்வாயை முழுக்க அகலமாகத் தோண்டத் தேவையில்லை, ஒடுக்கமாகத் தோண்டி வாவிப்பக்கத்து மண்ணைக் கடைசியில் எடுத்தால் தண்ணீரே கரையை அரித்து அகலமாக்கிக்கொள்ளும். அதனாலேயே கரை திடீரென்று சரியும். இயந்திரம் பின்வாங்கும் வழி திறந்திருக்க வேண்டும், பார்க்க வருபவர்களைப் பொலிஸார் தள்ளி நிறுத்த வேண்டும், தோணிகளையும் வலைகளையும் முன்பே அகற்றச் சொல்ல வேண்டும்.

தங்கும் இடம், சுகாதாரம்

பாடசாலையைத் திறப்பவர் அதிபர், நடத்துபவர் கிராம உத்தியோகத்தர், சுகாதாரம் பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அளவுகள் உலக மனிதாபிமான நியமத்தில் உள்ளவை: ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம், நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்குத் தனியாக, வெளிச்சத்தோடு. 200 பேர் என்றால் ஒரு நாளைக்கு 3,000 லீற்றர் தண்ணீர், உங்கள் பவுசர் (தண்ணீர்த் தாங்கி வண்டி) எத்தனை லீற்றர் என்று இப்போதே கேட்டு எழுதுங்கள். அம்பாறை மாவட்டத்தில் கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழும், உட்பகுதி அம்பாறைப் பணிப்பாளரின் கீழும் இருக்கிறது. மாவட்டக் கூட்டத்துக்கு இரண்டு பணிமனையும் வர வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஒரே வாசல் இருக்கட்டும். குடும்ப எண்ணிக்கையை கிராம உத்தியோகத்தர் மட்டும் காலையும் மாலையும் ஒரு நேரத்தில் கொடுக்கட்டும். முகாமில் இருப்போர், உறவினர் வீட்டில் இருப்போர், வீட்டிலேயே தண்ணீருக்குள் இருப்போர் என மூன்று நிரல்கள். தொண்டு நிறுவனங்கள் தனியாக எண்ணத் தொடங்கினால் ஒரே குடும்பம் மூன்று பட்டியலில் வரும், எதிரே இருக்கும் குடும்பம் எதிலும் வராது. உதவி கொண்டுவருபவர் எவராக இருந்தாலும் பிரதேச செயலகத்தில் கிராமம், பொருள், திகதி மூன்றையும் பதிந்துவிட்டு இறங்கட்டும்.

கிணறு

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் கிணறு இறைக்க வருவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்தில் நடந்ததை மறக்கக்கூடாது. பல அமைப்புகள் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணற்திட்டில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. அதை வேகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஆகவே இந்த மணற்திட்டுப் பக்கமான எழுவான்கரையில் கிணறு துப்புரவாக்கும் பொறுப்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு மட்டும். மற்றவர்கள் பம்பியையும் ஆட்களையும் கொடுக்கலாம். ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் வர்ணத்தால் இலக்கம் எழுதி, இறைத்த திகதி, செய்தவர், குளோரின் இட்ட அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். கடல்நீர் புகுந்த கிணற்றை மெதுவாக, அளவாக இறைத்து, உவர் குறையும் வரை மழைக்கு விட்டுவிடலாம். குடிக்கக் கொடுக்கும் தண்ணீரில் மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே பவுசரை நிறுத்த வேண்டும்.