மலையில போன் நனைஞ்சா என்ன செய்றது

நம்ம இலங்கை மலைநாட்டுல ஹைக்கிங், கேம்பிங்னு கெளம்பினா சாமான் நனையாம வீடு வர்றது பெரிய விஷயம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாசம் புடிச்சா செப்டம்பர் வரைக்கும் மழைதான், ஒக்டோபர் நவம்பர்ல காலைல பளிச்சுனு வெயில் அடிச்சிட்டு மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும், மழையே இல்லாட்டியும் நக்கிள்ஸ்லயோ ஹோட்டன் சமவெளியிலயோ மூடுற பனி பையை ஈரமாக்கிரும்.

ஓடையில விழுந்துச்சோ மழையில ஊறுச்சோ, தூக்கின ஒடனே போனை ஓஃப் பண்ணுங்க. "வேலை செய்யுதான்னு ஒருக்கா பாப்போம்"னு ஸ்க்ரீனைத் தடவுறது, கெமராவைத் திறந்து பாக்குறது, பவர் பேங்க்ல மாட்டுறது எல்லாம் வேணாம். உள்ள தண்ணி இருக்கும்போது கரண்ட் ஓடினா உள்ள சர்க்கிட் போர்ட்ல இருக்கிற செம்பு அரிக்க ஆரம்பிச்சிரும், பச்சை பூத்துரும், ஷோர்ட்டும் ஆகலாம். போன் சாகுறது முக்கால்வாசி இந்த அவசரத்துலதான்.

அப்புறம் கவரைக் கழட்டி துணியால தொடைச்சிட்டு சிம் ட்ரேயை வெளிய எடுங்க. பின் இல்லாட்டி ஊக்கு போதும், ஆனா ட்ரேயிலயே இருக்கிற ஓட்டையில குத்துங்க, பக்கத்துல அதே மாதிரி இருக்கிறது மைக் ஓட்டை, அதுல குத்தினா அதோட சரி. நெறைய போன்ல சிம் போற இடத்துக்குள்ள ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், டோர்ச் அடிச்சுப் பாருங்க, சிவப்பா மாறியிருந்தா தண்ணி அங்க வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். சார்ஜ் ஓட்டை கீழ பாக்குற மாதிரி புடிச்சு உள்ளங்கையில மெதுவா தட்டுங்க. வாயால ஊத வேணாம், தண்ணி இன்னும் உள்ளதான் போகும். பஞ்சு, டிஷ்யூ எதையும் உள்ள விடவும் வேணாம்.

"என்னோடது வோட்டர்ப்ரூப்"னு சொல்றவங்களுக்கு ஒன்னு. தண்ணி, தூசியை எவ்வளவு தாங்கும்னு போன்ல போடுற நம்பர்தான் ஐபி. ஐபி67ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம், அதுவும் புது போனை லேப்ல அசையாத நல்ல தண்ணியில வச்சுப் பாத்த கணக்கு. அருவி அடிக்கிற வேகம், சேறு, சீனி போட்ட தேத்தண்ணி எதுவும் அதுல சேராது. ரெண்டு வருஷம் பாவிச்சு, ஒருக்கா டிஸ்ப்ளேயும் மாத்தின போன்னா அந்த நம்பரை மறந்துருங்க. தேத்தண்ணி ஓடைத் தண்ணியை விட மோசம், காஞ்ச பிறகும் சீனி உள்ள ஒட்டிக்கிட்டே இருக்கும்.

அரிசியில போடச் சொல்ற ஆள் ஒவ்வொரு குரூப்லயும் ஒருத்தர் இருப்பாங்க. விடுங்க. போனுக்குள்ள இருக்கிற தண்ணியை அரிசி இழுக்காது, மாவும் குருணையும்தான் ஓட்டைக்குள்ள போகும், ஆப்பிள் கம்பெனியே போட வேணாம்னு சொல்லியிருக்கு. அடுப்புக்குப் பக்கத்துல வைக்கிறது, ஹெயார் ட்ரையர் புடிக்கிறது அதை விட ஆபத்து, பேட்டரிக்கு சூடு ஆகாது. தேயிலை பெக்டரியில கொழுந்து வாட்டுறாங்களே, அடியில இருந்து காத்து ஓடுறதாலதான் அது வாடுது, போனுக்கும் அதேதான், ஃபேன் காத்துல வைங்க.

மேட்டர் என்னன்னா நம்ம காத்தே ஈரக்காத்து. நுவரெலியாவுல காயப்போட்ட துணியே மூணு நாளைக்குக் காயாது, அங்க போனைத் திறந்து வச்சா மட்டும் எப்படி காயும்? அதனால டென்ட்ல இருக்கிற வரைக்கும் தொடைச்சு, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட் கொஞ்சத்தோட காத்துப் புகாத டப்பாவுல போட்டு மூடிருங்க. சப்பாத்துப் பெட்டியில வர்றதுதான், ஆனா மாசக்கணக்கா மேசையில திறந்து கெடந்தது ஏற்கனவே ஈரத்தைக் குடிச்சிருக்கும், அது உதவாது. கீழ இறங்கின பிறகு ஃபேன். ஒரு நாள் ரெண்டு நாள் சும்மா கிடக்கட்டும். அப்புறம் சார்ஜ் போடும்போது ஈரம் இருக்குன்னு மெசேஜ் வந்தா அதைத் தள்ளிட்டு போடாதீங்க, வயரைக் கழட்டிட்டு இன்னும் காய விடுங்க.

பவர் பேங்க் நனைஞ்சா நான் ஆசைப்பட மாட்டேன், உள்ள தண்ணி போனது திரும்ப பாவிக்க ஏலாதுன்னே வச்சுக்குவேன். வீங்கினாலோ சுட்டாலோ ஒரு மாதிரி இனிப்பு வாசம் வந்தாலோ டென்ட்டை விட்டுத் தள்ளி கல்லு மேல வச்சிட்டு எட்டி நில்லுங்க, பைக்குள்ள போடாதீங்க.

ஹெட் டோர்ச் சுலபம். பேட்டரியைக் கழட்டி, உள்ள தொடைச்சு, மூடியில இருக்கிற ரப்பர் வளையத்துல மண் இருக்கான்னு பாருங்க. சாதா அல்கலைன் பேட்டரி ஒழுகி வெள்ளையா பூத்திருந்தா பஞ்சுல ரெண்டு சொட்டு தேசிக்காய்ச் சாறு தொட்டுத் தேய்ச்சா போயிரும், பிறகு ஈரத்துணியால தொடைச்சுக் காய விடணும். கெமரான்னா பேட்டரி, மெமரி கார்ட் ரெண்டையும் எடுத்துருங்க, லென்ஸை ஈரத்தோட பையில பூட்டி வச்சா பங்கஸ் புடிக்கும்.

நனையாமலே நனையிறதும் உண்டு. விடியக்காலை குளிர்ல நின்னுட்டு அடுப்பு எரியிற குசினிக்குள்ள வந்தா கெமரா மேல அப்படியே தண்ணி பூக்கும். வெளியவே சிப் பேக்ல, அதாவது வாயை அமுக்கி மூடுற பிளாஸ்டிக் பையில போட்டு மூடிட்டு உள்ள கொண்டு வாங்க, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க.

போறதுக்கு முன்ன செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரெயின்கோட் வெளிப் பொக்கெட் தண்ணி தேங்குற இடம், போனை சிப் பேக்ல போட்டு உள் பொக்கெட்ல வைங்க. டோர்ச் தனியா இருக்கட்டும், முக்கியமா சீசன் இல்லாத நேரம் சிவனொளிபாதமலை ஏறுறவங்களுக்கு, டிசம்பர் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும்தான் பாதையில லைட் எரியும். வீட்டு நம்பரை ஒரு கடுதாசியில எழுதி வைங்க, கூட்டாளி போன்ல இருந்து எடுக்க உதவும், அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

கடைக்குக் கொடுத்தா எதுல நனைஞ்சதுன்னு மறைக்காம சொல்லி, ஆன் பண்ணிப் பாக்காம திறந்து ஐசோப்ரொபைல் அல்கஹோல்ல க்ளீன் பண்ணச் சொல்லுங்க. ஆன் ஆயிருச்சுன்னா ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்ன போட்டோ, நம்பர் எல்லாத்தையும் வேற இடத்துக்கு கொப்பி எடுங்க, உள்ள அரிப்பு புடிச்சிருந்தா ரெண்டு வாரம் நல்லா ஓடிட்டு ஒரு நாள் திடீர்னு நிக்கும்.