நியூசிலாந்தில் சொந்தமாகக் காரோட்டிச் சுற்றப் போகிறீர்களா? பிளான் போடும்போதே நடக்கும் தவறுகள்

நியூசிலாந்து போகிறேன் என்று சொன்னதும் டிராவல்ஸ்காரர்கள் அனுப்பி வைக்கும் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். ஆக்லாந்தில் இறங்கி, ரோட்டோருவா, வெலிங்டன், கப்பல் ஏறி பிக்டன், கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், திரும்பக் குயின்ஸ்டவுன், விமானம். பத்து நாள். இதில் தினமும் ஒரு புது ஊர், தினமும் ஒரு புது அறை, தினமும் காலையில் பெட்டி கட்டுவது. இயற்கையை நிதானமாகப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே நிறையப் பேர் இதைக் கொஞ்சம் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், கூட ரெண்டு ஊரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் தவறு இதுதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் இரண்டு தீவையும் தொடாதீர்கள். மலை, ஏரி, பனிப்பாறை, காடு என்று தேடுபவர்களுக்குத் தென்தீவு மட்டுமே தாராளம். வடதீவில் எரிமலையும் வெந்நீர் ஊற்றும் அருமையாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தீவு விட்டுத் தீவு போகும் வெலிங்டன்–பிக்டன் கப்பலே மூன்றரை மணி நேரம், அதற்கு முன்னால் வரிசையில் நிற்பது, சில வாடகை நிறுவனங்களில் இந்தக் கரையில் காரை ஒப்படைத்து அந்தக் கரையில் வேறு கார் எடுப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும்.

ஊர்களை எண்ணுவதை விட்டு இரவுகளை எண்ணுங்கள். ஓர் இடத்தில் ஓர் இரவு தங்குவது என்றால் மாலையில் களைத்துப் போய் சேர்ந்து, காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்வது. பார்ப்பதற்கு என்ன மிச்சம்? மூன்று இரவு தங்கினால் நடுவில் இரண்டு முழு நாள் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்துக்கு மவுண்ட் குக் பக்கம் மூன்று இரவு, வனாக்காவில் மூன்று, மில்ஃபோர்ட் போகும் வழியிலுள்ள டே அனாவில் மூன்று, மிச்சம் வந்து போகும் ஊர்களில் என்று வைத்துக்கொண்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி குயின்ஸ்டவுனிலிருந்து கிளம்பினால் வந்த வழியே திரும்ப ஓட்ட வேண்டியதில்லை. வேறு ஊரில் காரை விட வாடகைக்காரர்கள் தனிக் கட்டணம் கேட்கலாம், கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஒரு நாள் மிச்சம்.

மவுண்ட் குக்குக்கு ஏன் மூன்று இரவு என்று கேட்பவர்களுக்கு: 3,724 மீட்டர் உயரமான அந்தச் சிகரம் பல நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். மேற்குக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைத்தொடரில்தான் முட்டி நிற்கிறது. ஓர் இரவு மட்டும் தங்குகிறவர் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டு, அதன் முன்னால் ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் காலை ஆறரைக்கு மேகம் விலகி உச்சிப் பனி இளஞ்சிவப்பாக மாறும்போது அவர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார். மலையடியிலுள்ள மவுண்ட் குக் கிராமத்துக்குள் அறை விலை எகிறும், மளிகைக் கடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. முக்கால் மணி நேரத் தூரத்தில் டுவைசல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே தங்கலாம், கடையும் உண்டு. போகிற வழி முழுக்கப் புகாக்கி ஏரி கூடவே வரும். பனிப்பாறை நகரும்போது அடியில் அரைபடும் பாறை மாவு தண்ணீரில் கலந்து மிதப்பதால் வரும் நீலம் அது. வெயிலில் பால் கலந்த நீலமாகவும், மேகம் போட்டால் கிட்டத்தட்டச் சிமெண்ட் நிறமாகவும் மாறும். இந்தச் சாலையில் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்கு ஒரு நிறம்தான் கிடைக்கும்.

மேப் சொல்லும் நேரத்தை நம்புவது

செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கும் இடம்தான் மில்ஃபோர்ட் சவுண்ட். குயின்ஸ்டவுனிலிருந்து அது வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் இருக்கும். நடுவில் மலை நிற்பதால் சாலை தெற்கே இறங்கி, டே அனா போய், திரும்ப வடக்கே ஏறுகிறது. ஏறக்குறைய 290 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம். போகவர எட்டு. நடுவில் இரண்டு மணி நேரப் படகு. இதை ஒரே நாளில் முடிப்பது அங்கே ரொம்பப் பிரபலம், சொந்தமாகக் காரோட்டுகிறவர் செய்யவே கூடாத காரியமும் இதுதான். திரும்பும்போது இருட்டு, களைப்பு, மலைப்பாதை மூன்றும் ஒன்றாகச் சேரும். அப்படியே ஒரு நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பஸ்ஸில் போய்த் தூங்கிக்கொண்டு வாருங்கள்.

டே அனாவில் தங்கினால் அதே மில்ஃபோர்ட் 120 கிலோமீட்டர்தான். அந்தச் சாலையே பார்க்க வேண்டிய இடம் என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. எக்லின்டன் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை, நடுவில் பொன்னிறப் புல்வெளி, காற்றில்லாத காலையில் மிரர் லேக்ஸில் மலை தலைகீழாக நிற்கும். கீ சம்மிட் என்ற குன்றின்மேல் ஏறி இறங்க மூன்று மணி நேரம் போதும். அப்புறம் ஹோமர் சுரங்கம். 1.2 கிலோமீட்டர் நீளம், 1950களில் திறந்தது, உள்ளே நல்ல சரிவு. வாயிலில் சிக்னலுக்காகக் காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து பானெட்டில் உட்காரும். வைப்பர் ரப்பரையும் கதவு ரப்பரையும் உரிப்பது அதற்கு விளையாட்டு. பிஸ்கட் போட்டு உற்சாகப்படுத்தாதீர்கள், அந்தப் பறவைக்கும் கெடுதல், உங்கள் வைப்பருக்கும் கெடுதல்.

இந்தச் சாலையில் பெரும்பகுதி செல்போன் சிக்னல் கிடையாது. டே அனாவைத் தாண்டினால் பெட்ரோலும் நம்பக்கூடாது, டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையையே மூடிவிடுவார்கள், அல்லது டயர் சங்கிலி இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள்.

பொதுவாக ஒரு கணக்கு: மேப் மூன்று மணி நேரம் என்று சொன்னால் நான்கரை என்று எழுதிக்கொள்ளுங்கள். சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு தென்தீவைக் கணக்குப் போடக்கூடாது. நெடுஞ்சாலை என்று பெயர் இருக்கும், ஆனால் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே தடம்தான், அதிலும் ஆற்றைக் கடக்கும்போது பல இடங்களில் ஒரே தடம். நாளைக்கு மூன்று மணி நேர ஓட்டத்துக்கு மேல் வைத்தால் அது நிதானப் பயணம் இல்லை. இடம் மாறும் நாளில் மட்டும் நான்கு, போதும்.

மழையைக் கெட்ட நாள் என்று நினைப்பது

மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வறண்ட நாளில் எப்போதும் விழும் பெரிய அருவி இரண்டுதான். மழை பெய்த சில மணி நேரத்தில் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் வெள்ளிக்கோடு இறங்கும். என்னைக் கேட்டால் மழை நாளுக்கே என் ஓட்டு, ரெயின்கோட் மட்டும் நல்லதாக வேண்டும். படகு டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே மாற்ற முடியாத விலையில் வாங்கி வைக்கிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்காது. கூட்டம் உச்சத்தில் இல்லாத மாதம் என்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், படகையும் ஹெலிகாப்டரையும் வானிலை பார்த்து ஓரிரு நாள் முன்னால் பதிவு செய்யலாம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அங்கே கோடை விடுமுறை. அப்போது எல்லாமே முன்பதிவுதான், விலையும் அப்படித்தான்.

இன்னொன்று, பனிப்பாறைக்காக மேற்குக் கரைக்குப் போகிறவர்கள். ஃபாக்ஸ் பனிப்பாறையின் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை 2019இல் மண்சரிவில் போய்விட்டது. காரை நிறுத்திவிட்டு நடந்து பனிப்பாறையின் அடிக்குப் போகும் காலம் முடிந்தது, பனியில் கால் வைக்க ஹெலிகாப்டர்தான் வழி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். ஆனால் மேத்சன் ஏரிக்கரையில் விடியற்காலை நடப்பதற்காகவும், ஹாஸ்ட் கணவாய்க் காட்டுக்காகவும் போவதென்றால் தாராளமாகப் போகலாம், இரண்டு இரவாவது ஒதுக்கி.

நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம்தானே

இந்தியாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தைரியம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிடுகிறது. பக்கம் ஒன்றுதான், பழக்கம் வேறு. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நின்று வழிவிட வேண்டும், மூக்கை நுழைத்து இடம் பிடிக்கிற வேலையே கூடாது. ஹாரன் அடித்தால் திட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் பக்கம் முழு மஞ்சள் கோடு போட்டிருந்தால் முன்னால் போகிற லாரி எவ்வளவு ஊர்ந்தாலும் முந்தக் கூடாது. ஊருக்கு வெளியே வேக வரம்பு பெரும்பாலும் 100. அது உச்ச வரம்பு, எல்லா வளைவிலும் அந்த வேகத்தில் போகலாம் என்று பொருள் இல்லை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எழுதியிருப்பதைச் சும்மா எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் சரளைக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

ஒற்றைவழிப் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலத்துக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெரிய கறுப்பு அம்பு, ஒரு சின்ன சிவப்பு அம்பு இருந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும், எதிரே வருகிறவருக்கு முன்னுரிமை. நீலச் சதுரப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு உங்கள் திசையைக் காட்டினால் முன்னுரிமை உங்களுக்கு, அப்போதும் எதிரே ஏற்கெனவே ஏறிவிட்ட வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். வண்டி எடுப்பதற்கு முன் இந்த இரண்டு படத்தையும் கார் ஓட்டப்போகும் எல்லோரும் பார்த்துவிட வேண்டும்.

அவசரமில்லாத பயணம் என்பதற்கும் 100 போகிற சாலையில் 60இல் உருட்டிக்கொண்டு போவதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்து ஒதுங்க இடம் கிடைத்ததும் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். அங்கே மோசமாக ஓட்டுகிறவரைப் பற்றிப் போலீசுக்குச் சொல்ல ஸ்டார் 555 என்று தனி எண்ணே இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் தயங்காமல் கூப்பிடுவார்கள். அப்புறம், அழகாக இருக்கிறது என்று சாலையிலேயே வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுப்பது. லிண்டிஸ் கணவாயில், புகாக்கி ஓரத்தில் இது தினசரிக் காட்சி. நிறுத்துமிடம் அடுத்த வளைவிலேயே வரும், பொறுங்கள்.

சென்னையிலிருந்து போனால் சிங்கப்பூரில் மாறி, ஒரு ராத்திரி சரியாகத் தூங்காமல், கடிகாரமும் ஆறரை ஏழரை மணி நேரம் முன்னால் ஓடிய நிலையில் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்குவீர்கள். அன்றைக்கே காரை எடுத்து டெகாப்போ வரை 225 கிலோமீட்டர் ஓட்டுவது எந்தப் பிளானிலும் இருக்கக்கூடாது. அன்று ஊரிலேயே தூங்குங்கள், காரை மறுநாள் எடுங்கள், வாடகையும் ஒரு நாள் குறையும்.

கார், காப்பீடு, லைசென்ஸ்

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சட்டப்படி அதுவே போதும். சில வாடகை நிறுவனங்கள் கேட்கலாம் என்பதால் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஒரு வருடம் செல்லும். ஏழு வயது முடியாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொள்கிற பேச்சே இல்லை, காரோடு சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.

காப்பீட்டில் வாடகை மலிவு என்று பார்த்து அடிப்படைத் திட்டத்தோடு விட்டுவிட்டால், சின்னக் கீறலுக்கும் சில ஆயிரம் டாலர் வரை உங்கள் கையிலிருந்து போகக்கூடும். முழுப் பாதுகாப்பு எடுத்தாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேர்த்தியா என்று கேளுங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் என்ற மலைச்சாலைக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அனுமதியே கிடையாது. பெட்ரோல் பங்க்குகளில் பல ஆளில்லாதவை, கார்டும் பின் எண்ணும்தான், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும்.

எப்போது போவது? ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டும், வனாக்கா–குயின்ஸ்டவுன் நடுவே 1,076 மீட்டர் ஏறும் கிரவுன் ரேஞ்ச் சாலையில் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும், பனியில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இது வேண்டாம். நம் முழுப்பரீட்சை லீவு தொடங்கும் ஏப்ரல் கடைசி அங்கே இலையுதிர்காலம். ஆரோடவுனிலும் வனாக்காவிலும் மரங்கள் மஞ்சளாக நிற்கும், கூட்டம் குறைவு.

சாப்பாட்டுக்கு அங்கே மோட்டல் அறைகளில் பெரும்பாலும் அடுப்பும் பாத்திரமும் இருக்கும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொண்டால் குடும்பத்துக்குப் பெரிய மிச்சம். ஆனால் இங்கிருந்து கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விமான நிலையத்தில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், கைப்பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் அதேதான். பழம், தேன், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் வேண்டவே வேண்டாம், நெய்க்கும் பால் இனிப்புக்கும் கட்டுப்பாடு உண்டு, மண் ஒட்டிய நடைபயண ஷூவையும் கழுவிவிட்டுக் கொண்டு போங்கள். படிவத்தில் ‘ஆம்’ போட்டால் பெட்டியைத் திறப்பார்களே என்று பயந்து ‘இல்லை’ போடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அறிவித்துவிட்டால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், இல்லையென்றால் ஊறுகாய் பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.